எனக்கு நண்பன் வேண்டாம், ரசீது கொடுத்தால் போதும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. காக்கிச் சட்டை போட்ட பிள்ளைகள் நாலைந்து பேர் வெயிலில் நின்று போகிற வருகிறவர்களுக்கு மோர் கொடுக்கிறார்கள். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. "போலீஸ் எப்படி மாறிப்போச்சு பாருங்க அத்தை" என்று என் அண்ணன் மகள் எழுதியிருந்தாள். "மோர் நல்லது கண்ணு. புகார் கொடுத்தால் ரசீது தருகிறார்களா?" என்று நான் ஒரே ஒரு வரி போட்டேன். அதற்கு வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே! எதைப் பார்த்தாலும் குறை சொல்கிற டீச்சர் புத்தி போகாது என்றார் ஒருவர். நல்லது செய்தாலும் தப்பா என்றார் இன்னொருவர். போலீசில் இருக்கும் என் மாணவர் ஒருவர் ஒரு சல்யூட் பொம்மையைப் போட்டுவிட்டு மறைந்துகொண்டார். ஒரு வரியில் சொன்னது புரியவில்லை போலிருக்கிறது, விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில், நான் மோருக்கு எதிரி இல்லை. எங்கள் கோவை மாநகரக் காவல்துறை செய்த சில காரியங்களை நானே இங்கே பாராட்டி எழுதியிருக்கிறேன். 2022இல் 'போலீஸ் அக்கா' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். கல்லூரிக்கு ஒரு பெண் காவலர். அந்தக் கல்லூரிப் பெண்பிள்ளைகளிடம் அவர் நம்பர் இருக்கும். எவனாவது பின்னால் வந்தால், எவனாவது படத்தை வைத்துக்கொண்டு மிரட்டினால், வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால், அந்த அக்காவிடம் சொல்லலாம். தெருக்களில் நூலகப் பெட்டி வைத்தார்கள். புத்தகம் வைக்கிற எவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் போலீஸ் அக்கா திட்டத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு பத்தொன்பது வயதுப் பெண் ஸ்டேஷன் படியேறாமலேயே புகார் சொல்ல வழி வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. ஏன் படியேற மாட்டாள்? அந்தப் படியில் என்ன இருக்கிறது? சென்னை ஆயிரம் விளக்கில் 1992இல் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்களே, அதற்கும் இதே காரணம்தான். முப்பது வருஷம் கழித்து அந்த மகளிர் ஸ்டேஷன் படியேறவும் தயக்கம் என்பதால் ஒரு அக்கா. நாளைக்கு அக்காவுக்கு ஒரு செயலி. புதுப்புது வாசல் வைத்துக்கொண்டே போகிறோம். பழைய வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கேள்வி கேட்க ஒருவருமில்லை.

'காவல்துறை உங்கள் நண்பன்' என்று ஸ்டேஷன் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த வாசகத்தின் மேல்தான் முதல் கோபம். தபால்காரர் உங்கள் நண்பன் என்று எங்காவது போர்டு உண்டா? மின்வாரியம் உங்கள் நண்பன் என்று? ரேஷன் கடைக்காரர் நண்பராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அட்டைக்கு உரிய அரிசியை எடைபோட்டுக் கொடுக்க வேண்டும், ரசீது தர வேண்டும், அவ்வளவுதான். நண்பன் என்றால் அவனுக்கு மனசிருந்தால் செய்வான், மனசில்லாவிட்டால் 'அப்புறம் பார்க்கலாம்டா' என்பான். நண்பனிடம் 'நீ ஏன் செய்யவில்லை' என்று எழுதிக் கேட்க முடியாது. நான் உங்களுக்கு நண்பியாக இருந்தேனா? இல்லை. காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவேட்டை எடுத்தால், பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை எல்லார் பெயரையும் கூப்பிட்டாக வேண்டும். பெயர் கூப்பிடாமல் விட்டால் அந்தப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வரவே இல்லை என்றாகிவிடும், மதியச் சத்துணவுக் கணக்கிலும் இருக்காது.

இந்த 'நண்பன்' என்ன செய்வான் என்பதை என் நாத்தனார் நேரில் பார்த்தார். ஊரையும் ஸ்டேஷனையும் சொல்லப்போவதில்லை, எங்கள் ஊர் இல்லை, வேறு மாவட்டம். வயது எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வீட்டுப் பூட்டு உடைந்திருக்கிறது. நாலரைப் பவுனும் ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கும் போய்விட்டன. முதல் நாள் ஸ்டேஷனுக்குப் போனபோது, மந்திரி வருகிறார், எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயாச்சு என்றார் பாராவில் நின்ற காவலர். அதில் நியாயம் இருக்கிறது, திரும்பி வந்துவிட்டார். இரண்டாம் நாள் ரைட்டர், "நகைக்கு பில் இருக்கா?" என்றார். என் மாமியார் போட்ட நகைக்கு பில் எங்கே போய்த் தேடுவது? மூன்றாம் நாள்தான் எனக்கு வயிறு எரிகிற பேச்சு. "வீட்டு வேலைக்கு வர்ற பொம்பள மேல சந்தேகம்னு எழுதிக் குடுங்கம்மா, நாலு தட்டு தட்டினா தானா வந்துரும்" என்றாராம். பன்னிரண்டு வருஷமாக வந்து பாத்திரம் தேய்க்கிறவள் அவள். நாத்தனார் எழுதிக் கொடுக்கவில்லை. மனுவைக் கையில் வாங்கி மேசையில் போட்டார்கள், ரசீது இல்லை. நாலாம் நாள் தெருக்கோடியில் இருக்கும் கட்சிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலி வந்தது, டீ வந்தது, பத்தே நிமிஷத்தில் ரசீதும் வந்தது. எஃப்.ஐ.ஆர். கைக்கு வர இன்னும் இருபது நாள்.

இதுதான் நட்பு. ஆள் தெரிந்தவனுக்கு நண்பன்.

அந்த ரசீதைப் பற்றிச் சொல்கிறேன். நம்மூரில் சி.எஸ்.ஆர். என்பார்கள். நிறையப் பேருக்கு அது என்னவென்று தெரியாது. 'கம்யூனிட்டி சர்வீஸ் ரெஜிஸ்டர்', அதாவது சமூக சேவைப் பதிவேடு. வேடிக்கையைப் பாருங்கள்! மாரத்தான், மோர்ப்பந்தல், செல்ஃபி இதற்கெல்லாம் சமூக சேவை என்று இப்போது பெயர். ஆனால் காவல் நிலையத்தில் 'சமூக சேவை' என்றே பெயர் வைத்திருக்கிற ஒரு பொருள் முன்மேசையில் கிடக்கிற அந்தப் பதிவேடுதான். நீங்கள் மனு கொடுத்தால் அதில் ஏற்றி, எண் போட்டு, உங்களுக்கு ஒரு சீட்டு தர வேண்டும். அந்த எண்ணை வைத்து மனு என்னாயிற்று என்று தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். எண் இல்லையென்றால் நீங்கள் ஸ்டேஷனுக்குப் போகவே இல்லை, மதியக் கணக்கில் இல்லாத பிள்ளை மாதிரி.

அதே சமயம் சி.எஸ்.ஆர். சீட்டைக் கொடுத்து ஆளைத் திருப்பி அனுப்புவதும் ஒரு தந்திரம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். திருட்டு, வழிப்பறி, அடிதடியில் படுகாயம் என்று பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013 நவம்பரில் சொன்ன தீர்ப்பு இது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின், அதாவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின், 173வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம். 'இது எங்க லிமிட் இல்ல' என்ற பேச்சுக்கு இடமில்லை. மின்னஞ்சல் போல மின்னணு வழியில்கூட அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். எஃப்.ஐ.ஆர். நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். மூன்று வருஷத்துக்கு மேல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை வரக்கூடிய சில குற்றங்களுக்கு மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு பதினான்கு நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்துகொள்ளலாம் என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விலக்கிலும் 'பில் கொண்டுவா' என்று எங்கும் இல்லை. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தொண்ணூறு நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம். உங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு தகவல் வந்திருக்கிறது?

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஏன் எழுத மறுக்கிறார்கள்? கெட்டவர்கள் என்பதாலா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலீசில் இருக்கும் என் பிள்ளைகள் பலர் சின்ன வயதில் கீழே கிடந்த பென்சிலை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தவர்கள். காரணம் கணக்கு. எஃப்.ஐ.ஆர். போட்டால் அது குற்ற எண்ணிக்கையில் ஏறும். மாதாமாதம் நடக்கிற கிரைம் மீட்டிங்கில், 'உன் ஸ்டேஷனில் மட்டும் ஏன் இத்தனை திருட்டு, எத்தனை கண்டுபிடித்தாய்' என்று இன்ஸ்பெக்டரை நிற்க வைத்துக் கேட்பார்கள். எழுதாத திருட்டு நடக்காத திருட்டு. எங்கள் துறையிலும் இது உண்டு. நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, தேற மாட்டான் என்று தோன்றுகிற பையனைப் பத்தாம் வகுப்புக்கு முன்பே டி.சி. கொடுத்து அனுப்புகிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். பத்திரிகையில் தலைமையாசிரியர் படம் வரும். பையன் ஒர்க் ஷாப்பில் ஸ்பானர் பிடித்துக்கொண்டிருப்பான். எந்த மாநகரக் கமிஷனராவது 'என் நகரத்தில் இந்த வருஷம் பதிவான வழக்குகள் கூடியிருக்கின்றன, ஏனென்றால் எல்லாப் புகாரையும் எழுதினோம்' என்று மார்தட்டினால், அன்றைக்கு நான் என் கையாலேயே மோர் கலக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

எழுதாமல் விடுவது திருட்டுக் கொடுத்தவருக்கு மட்டும் கேடு என்று நினைக்காதீர்கள். திருடன் என்று பெயர் சூட்டப்படுகிறவருக்கு அது உயிர் விஷயம். 2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில் என்ன நடந்தது? மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞர். நகை காணவில்லை என்று ஒருவர் சொன்ன புகார். ஒரு தனிப்படை அவரைக் கொண்டுபோய் விசாரித்தது. அடித்ததை யாரோ மறைவிலிருந்து செல்போனில் எடுத்திருந்தார்கள், நாமெல்லாம் பார்த்தோம். பிள்ளை செத்துப்போனான். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தனிப்படை எப்படி விசாரணையில் இறங்கியது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது. அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு நாத்தனார் வீட்டு வேலைக்காரப் பெண்ணின் முகம்தான் வந்தது. காகிதத்தில் எழுதினால் தேதி இருக்கும், நேரம் இருக்கும், யார் புகார், யார் விசாரணை அதிகாரி என்று இருக்கும். வாய்வார்த்தையில் தொடங்குகிற விசாரணைக்கு எந்த ஊர் எல்லையும் கிடையாது, எந்தக் கொட்டகைக்குப் பின்னாலும் நடக்கலாம்.

இங்கேதான் 'காவல்துறையின் நண்பர்கள்' கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுமக்களோடு காவல்துறை கைகோர்ப்பது என்ற எண்ணத்துக்கு நம் மாநிலத்தில் அதுதான் பெரிய முன்மாதிரி. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கினார். நல்ல யோசனை. ஊர்க்காரர்களே ஸ்டேஷனுக்குள் வந்து போனால் அங்கே என்ன நடக்கிறது என்பது வெளியே தெரியும், பயம் குறையும், ரோந்துக்கும் உதவி. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. ஆனால் போகப் போக என்ன ஆயிற்று? தேர்ந்தெடுப்பது இன்ஸ்பெக்டர், அடையாள அட்டை கொடுப்பது ஸ்டேஷன், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவதும் அவர்களே. ஊரின் கண்ணாக உள்ளே போக வேண்டிய பிள்ளைகள் ஸ்டேஷனின் கையாக வெளியே வந்தார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லிப் பிடித்துப்போன தந்தையும் மகனும் இறந்தார்களே, அந்த விவகாரத்தில் இந்த நண்பர்கள் மீதும் குற்றச்சாட்டு வந்தது. ஜூலையிலேயே அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. இருபத்தேழு வருஷத்து நட்பு ஓர் அரசாணையில் முடிந்தது.

அதே சாத்தான்குளத்தில் நண்பர் என்ற அட்டையில்லாமல் ஒருவர் மக்களுக்காக நின்றார். ஒரு பெண் தலைமைக் காவலர். அன்றிரவு உள்ளே நடந்ததை, சுற்றி நின்று மிரட்டியவர்களுக்கு நடுவில், விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் சாட்சியாகச் சொன்னார். ஸ்டேஷனில் கண்காணிப்புக் கேமரா இருந்தது, போதிய சேமிப்பு வசதியும் இருந்தது, ஆனால் பதிவு அன்றன்றே தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள் என்று நடுவரின் அறிக்கை சொன்னது. அந்த வருஷம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் நாடு முழுவதற்கும் உத்தரவு போட்டது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வாசல், லாக்கப், நடைபாதை, வரவேற்பிடம் எல்லாவற்றிலும் படமும் ஒலியும் பதிகிற கேமரா வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருஷம். நம் தெருவில் கேமரா வைக்கச் சொல்லி வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் கேட்டு காவல்துறை வந்தபோது நாமெல்லாம் கொடுத்தோம். 'மூன்றாவது கண்' என்று சென்னையில் பெயர் வைத்தார்கள். நல்லது. என் வீட்டு வாசலை ஸ்டேஷன் பார்க்கிறது. ஸ்டேஷனின் உள்ளறையை யார் பார்க்கிறார்கள்? அந்தப் பதிவு இன்றைக்கு ஓடுகிறதா என்று போய்ச் சரிபார்க்கும் குழுவில் பொதுமக்களைச் சேர்த்தால் அதை நான் மக்கள் பங்கேற்பு என்று ஒத்துக்கொள்வேன்.

சித்திரவதையும் புகார் வாங்காததும் ஒட்டிப் பிறந்தவை என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமல்ல. சென்னை மாகாணத்தில் வரி வசூலுக்காக மக்களைச் சித்திரவதை செய்தார்கள் என்று விசாரிக்க வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு கமிஷன் போட்டு, 1855இல் அறிக்கை வந்தது. வரி வசூலிப்பவரும் அவரே, போலீசும் அவரே என்றிருந்தால் அவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் அப்போதைய சிக்கல். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கமிஷனிடம் புகார் கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1859இல் போலீஸ் சட்டம் வந்து தனித்துறை ஆயிற்று.

'அவரைப் பற்றி யாரிடம் சொல்வது' என்ற சிக்கல் இப்போது தீர்ந்ததா? பிரகாஷ் சிங் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வைக்கச் சொன்னது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில். நம் மாநிலம் 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். வாத்தியார் அடித்தார் என்று ஒரு பையன் புகார் கொடுக்க, அதை விசாரிக்கும் குழுவில் அதே பள்ளித் தலைமையாசிரியரையே உட்கார வைத்தால் நீங்கள் பெற்றோராகச் சும்மா இருப்பீர்களா? இதற்கு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று வித்தியாசமில்லை. சட்டம் வந்ததிலிருந்து இரண்டு பேரும் ஆண்டிருக்கிறார்கள்.

இப்போது போலீஸ் பிள்ளைகள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "டீச்சர், ஆள் இல்லை, லீவு இல்லை, தூக்கம் இல்லை." உண்மை. ரோட்டோரத்தில் மணிக்கணக்காக நின்று, ஒதுங்க இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண் காவலர்கள் கதையை என்னிடமே சொல்லி அழுதிருக்கிறார்கள். 2021இல்தான் முதலமைச்சர் போகும் வழியில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. வார விடுமுறை உத்தரவும் அந்த வருஷம்தான் வந்தது. அது உங்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று நான் கேட்கவே தேவையில்லை. ஆனால் கண்ணுகளா, ஆள் இல்லை என்பது என் வாதத்துக்குத்தான் பலம். ஆள் இல்லாத ஸ்டேஷனிலிருந்து மாரத்தானுக்கும், ரீல்ஸ் எடுக்கவும், நடிகர் வருகிற விழிப்புணர்வு விழாவுக்கும் ஆள் போகிறார்களே, அது எப்படி? மோர் கொடுக்க நாலு பேர் இருந்த அந்த நேரத்தில் மனு வாங்குகிற மேசையில் யார் இருந்தார்கள்?

பொய்ப் புகார் நிறைய வருகிறது என்பது இன்னொரு பதில். வரும். எழுதி, விசாரித்து, பொய் என்றால் பொய் என்று முடியுங்கள். பொய்ப் புகார் கொடுத்தவருக்குத் தண்டனையும் சட்டத்தில் இருக்கிறது. எழுதாமலே பொய் என்று தீர்மானிப்பதற்கும், இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கட்டப் பஞ்சாயத்து பேசுவதற்கும் உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கோவைக்காரர்களான நமக்கு இது வெறும் நிர்வாகப் பேச்சு இல்லை. 1997 நவம்பரில் உக்கடத்தில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரம், துப்பாக்கிச் சூடு. 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்பில் 58 உயிர் போயிற்று. அதற்குப் பிறகு பல வருஷம் கோட்டைமேட்டுப் பிள்ளைகள் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். காவல்துறை யாருடையது என்று ஒரு பகுதி முழுக்கவே சந்தேகப்பட்ட காலம் அது. 2022 அக்டோபரில் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது, பழையபடி ஊர் பற்றிக்கொள்ளுமோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பற்றவில்லை. ஜமாத்துக்காரர்கள் கோயிலுக்கே போய்ப் பேசினார்கள், காவல்துறை எல்லாத் தரப்போடும் உட்கார்ந்து பேசியது. அந்தப் பேச்சு உண்மையான வேலை, அதைச் செய்தவர்களை நான் கும்பிடுகிறேன். பிறகு கரும்புக்கடை, சுந்தராபுரம், கவுண்டம்பாளையம் என்று புது ஸ்டேஷன்கள் வந்தன. கரும்புக்கடையில் ஒரு தாய் மனு கொடுத்தால் ரேஸ்கோர்ஸில் ஒரு டாக்டர் மனு கொடுத்தால் கிடைக்கிற அதே ரசீது, அதே பத்து நிமிஷத்தில் கிடைக்குமென்றால், அமைதிக் கூட்டத்தில் பேசியது நிலைக்கும்.

இனி சொந்தக்காரர்களுக்கு, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். போலீஸ் இப்படி இருப்பதில் நமக்குப் பங்கு உண்டு. 'நாலு தட்டு தட்டினால்தான் உண்மை வரும்' என்று ரைட்டர் மட்டுமா சொல்கிறார்? நம் கல்யாண வீட்டுப் பந்தியில் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். 2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நாலு பேரைச் சுட்டபோது நம் குழுவில் லட்டுப் படம் போட்டவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது. உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம், அது தற்காப்புச் சூடு இல்லை, போலீஸ்காரர்கள் பத்துப் பேர் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று 2022இல் சொன்னது. அப்போது லட்டும் காணோம், படமும் காணோம். அடிக்கிற கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அந்தக் கை நம் வீட்டுப் பிள்ளை மேல் படும்போது மட்டும் சட்டம் பேசுவதா? படுகிறவர்கள் பெரும்பாலும் யார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஊரடங்கில் கடை திறந்தவர், கோயில் காவலாளி, வீட்டு வேலைக்காரி. சிபாரிசுக்கு ஆள் இல்லாதவர்கள்.

இந்தச் சிபாரிசும் நம் பழக்கம்தான். "டீச்சர், உங்க ஸ்டூடண்ட் அங்க எஸ்.ஐ.யா இருக்காராமே, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று மாதத்துக்கு இரண்டு போனாவது வருகிறது. நான் சொல்வதில்லை. நான் ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் மனு மேலே போகும், வரிசையில் நிற்கிற இன்னொருவர் மனு கீழே போகும்.

அதற்குப் பதில் அவர்களிடம் நான் சொல்வதை இங்கேயும் எழுதுகிறேன். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு சீல் கேளுங்கள், சி.எஸ்.ஆர். எண் கேளுங்கள். வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், மாவட்டத்தில் எஸ்.பி.க்கும் மாநகரத்தில் துணை ஆணையருக்கும் அதே மனுவை ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதுவும் ஆகாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம், இரண்டும் 173வது பிரிவின் நாலாவது உட்பிரிவிலேயே இருக்கின்றன. பணம் ஆன்லைனில் போயிருந்தால் ஸ்டேஷனைத் தேடி ஓடுவதற்கு முன் 1930க்கு அடியுங்கள், அதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்று ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், பெண்களும், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட, அறுபதைத் தாண்டிய ஆண்களும், உடல் முடியாதவர்களும் போக வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். 179வது பிரிவு. மரியாதையாகவே சொல்லுங்கள், சத்தம் போட வேண்டாம், எதிரில் இருப்பவரும் காலையில் சாப்பிட்டாரோ இல்லையோ.

போலீசில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன மாதம் எத்தனை பேர் மனுவோடு வந்தார்கள், அதில் எத்தனை பேர் கையில் சீட்டோடு திரும்பினார்கள்? இரண்டு எண் போதும். கமெண்டில் எழுதினால் மேலதிகாரி பார்ப்பார் என்றால் வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பேன், உங்களுக்கு வார விடுமுறை கிடைத்தால்.

அன்புடன்,
டீச்சர்